பொருநைச் சீமையின் பொறிகள் – 14: விற்காத விமானமும் கயத்தாற்றுக் காற்றாலையும்

பாபநாசத்தில் 1944இல் நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிய கதையைச் சென்ற இதழில் முடித்தோம். அங்கே மலையிலிருந்து இறங்கியது தண்ணீர். இந்த இதழில் அதே மலையின் இடுக்குகளில் புகுந்து வரும் காற்று. தென்மேற்குப் பருவம் தன் மழையில் பெரும்பங்கை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் நுழைந்து, பொருநைச் சமவெளிக்கு வறண்ட காற்றாக வந்துசேர்கிறது. இந்தக் காற்றின் கணக்கை முறையாக எடுத்தவர்களுள் முதன்மையானவர் வானிலை அறிஞர் அன்னா மணி. அவரும் சக அறிஞர் மூளேயும் சேர்ந்து 1983இல் வெளியிட்ட இந்தியக் காற்றாற்றல் தரவுத் தொகுப்பு, எங்கே ஆலை நட்டால் பயன் என்பதற்கு அடிப்படை ஆனது. அப்படித் தேர்ந்த இடங்களில் ஒன்று கயத்தாறு. அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட புளியமரம் நினைவுக்கு வருமே தவிர, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள் என்பது பலருக்கும் நினைவிராது. ஓடுதளம் ஓய்ந்து பல்லாண்டு கழிந்தபின், அதே ஊரில் காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் டென்மார்க்கின் உதவியோடு எழுந்தது. விமானமும் காற்றாலையும் ஓர் ஊரில் அமைந்தது தற்செயல்தான். ஆனால் அவை இரண்டுக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. இந்த இதழின் வழக்கு அதுதான்.

நம் காற்றாலைகளின் வரலாற்றை எழுதுபவர்கள் வழக்கமாக 1980களில் தொடங்குவார்கள். டென்மார்க்கிலிருந்து வந்த இயந்திரங்கள், முதலாண்டிலேயே முழுத் தேய்மானக் கழிவு தந்த வருமான வரிச் சலுகை, அதைப் பிடித்துக்கொண்ட பஞ்சாலை முதலாளிகள் என்று அந்தக் கதை ஓடும். அதில் பொய்யில்லை. ஆனால் அது பணத்தின் வரலாறு. பொருளின் வரலாறு வேறு. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் வளைவு திரும்ப முடியாமல் நிற்கும் நீண்ட லாரியின் மேல் கிடக்கும் அந்த வெள்ளை இறக்கை எதனால் ஆனது, அப்படிச் செய்ய முதலில் யாருக்குத் தோன்றியது, ஏன் தோன்றியது என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போனால், காற்றாலைக்காரர்களின் பட்டறைக்கு அப்பால் போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் கிளைடரும் சிறு சுற்றுலா விமானமும் செய்தவர்களின் கொட்டகைக்கு வந்துவிடுவோம். அந்தக் கொட்டகைகளில் ஒரேயொரு பிரதி மட்டும் செய்யப்பட்டு, விற்பனைக்கே வராமல் போன ஒரு விமானம் உண்டு. எல்எஃப்யு 205 என்று அதற்குப் பெயர். நான் அழைக்கும் முக்கியச் சாட்சி அதுதான்.

முதலில் அந்தக் கொட்டகைகள் எப்படி உருவாயின என்று பார்ப்போம். ஜெர்மனிக்கு விமானம் பறிபோன அனுபவம் இரண்டு முறை நேர்ந்தது. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை இயந்திர விமானங்களுக்குக் கடிவாளம் போட்டது. பறக்கும் ஆசை உள்ள இளைஞர்கள் 1920இல் வாசர்குப்பே என்ற மலைமேட்டில் இயந்திரமில்லாத கிளைடர்களோடு கூடிப் போட்டி நடத்தத் தொடங்கினார்கள். 1945க்குப் பின் தடை இன்னும் கடுமையாக வந்தது. கிளைடருக்கு 1951இல்தான் அனுமதி கிடைத்தது. இயந்திர விமானத்துக்கு 1955 மே மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்த இடைவெளியில் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் சிலர் நாட்டைவிட்டே போனார்கள். ஃபொக்க-வுல்ஃப் 190 போர் விமானத்தின் கர்த்தா குர்ட் டாங்க் அர்ஜென்டினாவுக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து, பெங்களூரில் மாருத் போர் விமானத்தை வடித்தார். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பாடமும் நடத்தினார் என்று அங்கே படித்த அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். நம் நாட்டில் ஜெர்மன் விமானக்கலை என்றால் டாங்க் பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் நாட்டில் தங்கிவிட்டவர்கள் செய்தது நம் சீமைக்கு இன்னும் நெருக்கமான வேலை என்பது என் மதிப்பீடு. மாருத் 147 பறந்து ஓய்ந்துவிட்டது. மற்றவர்களின் கைவண்ணம் இன்றும் பணகுடியிலும் ராதாபுரத்திலும் சுழன்றுகொண்டிருக்கிறது.

தங்கியவர்களிடம் பணமும் இல்லை, உலோகம் வளைக்கும் பெரிய ஆலைகளும் இல்லை. இருந்தது கிளைடர்ப் பழக்கம். 1955க்குப் பின் வந்த முதல் சிறு விமானங்களைப் பார்த்தால் இது தெரியும். பூட்சர் நிறுவனம் 1959இல் பறக்கவிட்ட எல்ஸ்டர், இரட்டை இருக்கைக் கிளைடர் ஒன்றின் மர இறக்கைக்கு இயந்திரம் சேர்த்து வளர்ந்த விமானம். ஆனால் மரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. கிளைடருக்கு உயிர் அதன் இறக்கையின் வழவழப்பில் இருக்கிறது. காற்று இறக்கையின் மேல் சலனமின்றி வழுக்கிப் போகவேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுபள்ளம்கூட அந்த ஓட்டத்தைக் கலைத்து இழுவையை ஏற்றிவிடும். மரமோ ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். அலுமினியத் தகட்டில் தறைத்த ரிவெட்டுகள் வரிசையாகத் தடை போடும். ஷ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியின் மாணவர் பறப்புக் குழுவில் எப்லரும் நேகலேயும் இதற்கு விடை கண்டார்கள். பால்சா என்ற இலேசான மரத்தை நடுவில் வைத்து, இருபுறமும் கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் தோய்த்து அச்சில் படியவைத்தார்கள். அச்சு எவ்வளவு வழவழப்போ இறக்கையும் அவ்வளவு வழவழப்பு. ஃபீனிக்ஸ் என்ற அந்தக் கிளைடர் 1957 நவம்பர் 27 அன்று பறந்தது. அசைவற்ற காற்றில் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் 40 கிலோமீட்டர் தள்ளிப் போய் இறங்கும் திறன் அதற்கு இருந்தது. அதே 1957இல், அதே ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில், ஷ்டோட்டன் என்ற மேட்டு நிலத்தில், 34 மீட்டர் விட்டமுள்ள 100 கிலோவாட் காற்றாலை ஒன்று ஓடத் தொடங்கியது. அதற்கு இரண்டே இறக்கைகள்; ஒவ்வொன்றும் 17 மீட்டர்; இரண்டும் கண்ணாடியிழை. வடித்தவர் உல்ரிஷ் ஹூட்டர். அவரும் அண்ணன் வுல்ஃப்காங் ஹூட்டரும் 1930களிலேயே கிளைடர் வடிவமைப்பில் பேர் வாங்கியவர்கள்.

இந்த இரட்டைப் பிறப்புக்குப் பதினொரு ஆண்டு கழித்து, 1968 மார்ச் 29 அன்று, எல்எஃப்யு 205 பறந்தது. பொல்கோவ், பூட்சர், ரைன் விமானக் கட்டுமானம் ஆகிய மூன்று நிறுவனங்கள், கண்ணாடியிழையில் இயந்திர விமானம் கட்ட முடியுமா என்று பார்ப்பதற்காகவே கூட்டாகத் தொடங்கிய அமைப்பின் படைப்பு அது. நான்கு பேர் அமரலாம். இறக்கை தாழ்வாக அமைந்தது. மூக்கில் அமெரிக்க லைகாமிங் நிறுவனத்தின் 200 குதிரைத்திறன் இயந்திரம். வெளித்தோற்றத்தில் அந்தக் காலத்து எந்தச் சுற்றுலா விமானத்துக்கும் அது அண்ணன் தம்பிதான். விசேஷம் தோலுக்குள் இருந்தது. கண்ணாடியிழைத் தகடு அலுமினியத்தைவிட இலேசு, இழுத்தால் அறுவதும் கடினம். ஆனால் விறைப்பு குறைவு. பல திசைகளில் இழை ஓடும் தகட்டில் அது அலுமினியத்தில் பாதிகூடத் தேறாது. விறைப்பில்லாத மெல்லிய தோலை அழுத்தினால் அறுவதற்கு முன்பே சுருக்கம் விழுந்து மடங்கிவிடும். கிளைடர்க்காரர்கள் பால்சாவை இடையில் வைத்ததும் இதற்காகத்தான். எல்எஃப்யு 205ஐ வடித்தவர்கள் மரத்தை அறவே விலக்க நினைத்தார்கள். கண்ணாடியிழையாலேயே மெல்லிய குழாய்கள் செய்து, அவற்றை அருகருகே வரிசையாகக் கிடத்தி, மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல் என ஒட்டினார்கள். இரு தோல்களும் விலகி நின்று ஒன்றையொன்று தாங்கும்போது விறைப்பு பலமடங்கு ஏறுகிறது. உள்ளே எலும்புக்கூடுபோல் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக நிறுத்தவேண்டிய தேவையும் குறைகிறது. ஒரே பொருளால் ஆன ஓட்டுக்கு ஈரத்தாலும் வெப்பத்தாலும் வரும் வேறுபட்ட வீக்கங்களும் இல்லை. அழகான யோசனை. உழைப்பும் மிகுதியாகக் கேட்கும் யோசனை.

அது ஏன் விற்கவில்லை என்பதற்கு விடை வடிவத்தில் இல்லை. அமெரிக்காவில் செஸ்னாவும் பைப்பரும் அலுமினியத் தகட்டை வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் சிறு விமானங்களைத் தள்ளிக்கொண்டிருந்த காலம் அது. குழாய் குழாயாகக் கையால் அடுக்கும் வேலை அந்த விலையோடு மோத முடியாது. இன்னொரு தடை சான்றிதழ். உலோகம் எத்தனை முறை வளைந்தால் விரிசல் காணும், எவ்வளவு சூட்டில் தளரும் என்பதற்கு அதிகாரிகளிடம் பல்லாண்டுக் கணக்கு இருந்தது. பிசினுக்கு அப்படி இல்லை. சாதாரணச் சூட்டில் இறுகவைத்த பிசின், வெயில் ஏறினால் இளகத் தொடங்கும். கண்ணாடியிழைக் கிளைடர்கள் எல்லாம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அமைப்பின் வெப்பநிலை 54 பாகையைத் தாண்டக்கூடாது என்பது அவற்றுக்குப் பொதுவாக விதித்த வரம்பு. கிளைடருக்கு அந்த விதியோடு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஹூட்டர் குடும்பத்து வடிவான லிபெல்லே 1964இல் பறந்து, முறைப்படி சான்று பெற்ற முதல் கண்ணாடியிழைக் கிளைடர் ஆனது. பெட்ரோலும் சூடான இயந்திரமும் குடும்பத்தோடு பயணிகளும் உள்ள விமானத்துக்கு அதே தாராளம் கிடைக்கவில்லை. ஜெர்மானியருக்கு மட்டும் நேர்ந்த கதியும் இல்லை இது. அமெரிக்காவில் விண்டெக்கர் ஈகிள் என்ற கண்ணாடியிழை விமானம் 1969 இறுதியில் சான்றிதழே பெற்றது. அப்படியும் பத்துகூட விற்காமல் அந்தத் தொழில் முடங்கியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஹூட்டரின் காற்றாலை 1957. எல்எஃப்யு 205 பறந்தது 1968. பின்னால் வந்த விமானம் முன்னால் வந்த காற்றாலை இறக்கைக்கு எப்படி மூதாதை ஆகும்? ஆகாது. அப்படி நான் வாதிடவும் இல்லை. இரண்டும் உடன்பிறப்புகள், தாய் கிளைடர். உடன்பிறந்த இருவரில் ஒருவர் ஏன் வாழ்ந்தார், மற்றவர் ஏன் பட்டுப்போனார் என்று கேட்கும்போதுதான் இந்த விமானம் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. அது காட்டுவது இதை: ஒரு பொருளின் குணம் முழுதும் தெரியுமுன் அதை மனிதர் அமரும் விமானமாகக் கட்டினால் அதிகாரியும் வாங்குபவரும் தயங்குவார்கள், ஆளற்ற மேட்டில் கோபுரத்தின் உச்சியில் சுழலவிட்டால் அந்தத் தயக்கம் குறைவு. காற்றாலை இறக்கை முறிந்தால் நட்டம் பணத்தோடு போகும். அதனால் புதுப்பொருளுக்குப் பயிற்சிக்களம் அங்கே கிடைத்தது. எல்எஃப்யு 205 வீணாய்ப் போய்விடவும் இல்லை. ஜெர்மன் விண்வெளி ஆய்வு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு, இறக்கைமேல் காற்றோட்டம் கலையும் விதத்தை ஆராயும் பறக்கும் ஆய்வுக்கூடமாக 1980களில் பயன்படுத்தியது. மற்ற விமானங்களைவிட வழவழப்பான இறக்கை வேறெங்கே கிடைக்கும்! கூட்டாளிகளில் ஒருவரான பொல்கோவ், 1967இல் பறந்த தன் பிஓ 105 ஹெலிகாப்டரின் சுழலிறக்கைகளைக் கண்ணாடியிழையில் செய்து வெற்றி கண்டது. அந்த நிறுவனத்தின் வாரிசான எம்பிபி-யோடுதான் 1984இல் நம் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்) ஒப்பந்தம் போட்டு, 1992இல் துருவ் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது. சுற்றுலா விமானமும் கடைசியில் பிசினுக்கு வரவே செய்தது. 1985இல் கண்ணாடியிழைச் சிறு விமானத்தைப் பறக்கவிட்டு நன்றாக விற்ற க்ரோப் நிறுவனம், அதற்கு முன் கிளைடர் செய்து பழகிய நிறுவனம்.

காற்றாலை இறக்கைக்குக் கண்ணாடியிழை ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். வழக்கின் மையம் இங்கேதான். இறக்கை ஒரு சுற்றுச் சுற்றும்போது அதன் எடை ஒருமுறை ஒரு பக்கமும் ஒருமுறை மறுபக்கமும் வளைக்கிறது. நிமிடத்துக்கு 30 சுற்று, ஆண்டில் பாதிநாள் ஓட்டம் என்று குறைத்து வைத்தாலும் 20 ஆண்டில் 15 கோடி முறைக்கு மேல் அந்த வளைவு திரும்பத் திரும்ப நிகழும். உலோகம் இதைத் தாங்குவது கடினம். அமெரிக்காவில் வெர்மான்ட் மலைமேல் 1941இல் நிறுத்திய 1,250 கிலோவாட் ராட்சத ஆலையின் எஃகு இறக்கை, 1945 மார்ச்சில் முறிந்து பறந்தது. அதோடு அந்த முயற்சி நின்றது. கண்ணாடியிழை சோர்வைத் தாங்கும், ஆனால் அதை ஆலையின் நடுக்குடத்தோடு எப்படிப் பிணைப்பது? துளை போட்டு ஆணி முடுக்கினால் இழைகள் அறுபடும். அறுபட்ட இடத்தில்தான் பளு முழுதும் விழும். ஹூட்டர் இழைக் கற்றைகளை அறுக்காமல், ஒவ்வோர் ஆணிக்கான உலோக வளையத்தையும் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி இறக்கைக்குள்ளேயே அனுப்பிவிட்டார். நெல்லையப்பர் தேர் வடத்தை யாரும் துளையிட்டு ஆணி அடித்துப் பூட்டுவதில்லை, வளைத்துத்தான் பூட்டுகிறார்கள், அதே நியாயம். ஷ்டோட்டன் ஆலை 1968 வரை நின்றது. அதன் மின்சாரத்தை அந்த நாட்டில் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை, எண்ணெய் மலிவாக இருந்த காலம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. நம் சீமைக்கு வந்தது ஜெர்மன் இயந்திரம் இல்லையே. டென்மார்க்கின் மூன்றிறக்கை ஆலைதானே வந்தது? 1986இல் தூத்துக்குடியை ஒட்டி நிறுத்திய முதல் 55 கிலோவாட் ஆலைகளும், 1980களின் இறுதியில் கயத்தாறு, முப்பந்தல் பக்கம் எழுந்த அரசுத் திட்டங்களும் டேனிஷ் மரபைச் சேர்ந்தவை. அந்த மரபின் தாய், யோஹன்னஸ் யூல் 1957இல் கெட்சரில் நிறுத்திய ஆலை. அதன் இறக்கைகளில் எஃகுத் தண்டும் மரமும் அலுமினியத் தோலும் இருந்தனவே ஒழியக் கண்ணாடியிழை இல்லை. படகும் உழவுக் கருவியும் செய்த டேனிஷ் பட்டறைக்காரர்கள் தாமாகவே வளர்த்த தொழில் இது, இதில் ஜெர்மன் கிளைடரை நுழைப்பது வலிந்து சொல்லும் வம்சாவளி என்று ஒருவர் சொல்லலாம். உண்மையில் பாதி அப்படித்தான். ஆலையின் முழு அமைப்பு, மூன்று இறக்கை, காற்று மிகுந்தால் தானே வேகம் அடங்கும் முறை எல்லாம் டேனிஷ் சொத்து. இறக்கை மட்டும் வேறு வழியில் வந்தது. 1975இலிருந்து 1978 வரை ட்விண்ட் என்ற பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தொண்டர்களுமாகச் சேர்ந்து 54 மீட்டர் விட்டத்தில் ஓர் ஆலை கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. அதன் இறக்கைகளின் அடிப்பகுதிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது ஹூட்டரின் வளையப் பிணைப்பு. அங்கே சிறிய ஆலைக்காகச் செய்த 4.5 மீட்டர் இறக்கையின் வடிவத்தை எரிக் க்ரோவ்-நீல்சன் என்பவர் பெற்று, சிறு பட்டறைகளுக்கு இறக்கை விற்கத் தொடங்கினார். டென்மார்க்கின் காற்றாலைத் தொழில் எழுந்தது அப்படி ஆயத்தமாக வாங்கக் கிடைத்த இறக்கைகளின் பலத்தில். கெட்சரின் உடலில் ஷ்டோட்டனின் இறக்கையைப் பொருத்திய கலப்பினம்தான் தூத்துக்குடியில் வந்து இறங்கியது.

ஜெர்மனிக்கு விதித்த பறப்புத் தடைதான் இதற்கெல்லாம் காரணம் என்று சொன்னால் அது மிகை. உல்ரிஷ் ஹூட்டர் காற்றாலை ஆய்வைப் போர்த் தோல்விக்குப் பின் தொடங்கவில்லை. 1942இலேயே வியன்னாவில் அதைப் பற்றி ஆய்வேடு எழுதினார், போர்க்காலத்தில் வைமாரில் ஒரு காற்றாலை நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். தடை இல்லாவிட்டாலும் அவர் இந்தப் பக்கம் வந்திருக்கலாம். தடை செய்தது வேறொன்று. தேர்ந்த கைகள் எல்லாம் சிறிய, மலிவான, இயந்திரமில்லாத பொருளில் பல ஆண்டுகள் குவிந்து கிடக்கும்படி அது செய்தது. அதே காலத்து அமெரிக்கா, பிரிட்டன் பொறியாளர்களுக்கு ஜெட் விமானம் அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தது. பிசின் வாளியோடு இறக்கை தடவ யார் வருவார்? தடை ஒரு தேவையான நிபந்தனையா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. வேகத்தைக் கூட்டியது என்பதில் தயக்கமில்லை.

இந்தியாவின் பங்கு வெறும் வாங்குபவர் பங்குதானா? முற்றிலும் அப்படியும் இல்லை. ஷ்டோட்டனுக்கு முன்பே ஹூட்டர் அல்கையர் நிறுவனத்துக்காக 6 முதல் 8 கிலோவாட் தரும் சிறு ஆலை ஒன்றை வடித்திருந்தார். அதில் ஒன்று குஜராத்தின் போர்பந்தரில் ஓடியது. அதன் அனுபவத்தை எஸ்.பி. வெங்கிடேஸ்வரன் 1961இல் ரோமில் நடந்த ஐ.நா. மாநாட்டில் கட்டுரையாக வைத்தார். தூத்துக்குடிக்கு டேனிஷ் ஆலை வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஹூட்டரின் கை இந்தியக் கரையைத் தொட்டுவிட்டது. அந்தக் காலத்தில் காற்றாற்றல் ஆய்வை நடத்திய பெங்களூரு தேசிய விமானவியல் ஆய்வகம், 1960களில் நீரிறைக்கும் காற்றாலை ஒன்றையும் உருவாக்கியது. அது தகட்டு இறக்கைகள் பல கொண்ட மெதுவான ஆலை. கிணற்றுக்கு ஏற்றது, மின்சாரத்துக்கு ஏற்றதன்று. அதே ஆய்வகம்தான் 1993 நவம்பரில் ஹன்ஸா என்ற இரட்டை இருக்கைச் சிறு விமானத்தைக் கண்ணாடியிழையில் கட்டிப் பறக்கவிட்டது. அதன் உடல்களைத் தயாரிக்கும் வேலையில் நம் மாநிலத்து ஓசூரின் தனேஜா நிறுவனமும் சேர்ந்தது. 2000இல் சான்றிதழ் கிடைத்தது. பறப்புக் கழகங்களுக்குப் பத்துப் பதினைந்து போயின. அதற்கு மேல் ஓடவில்லை. எல்எஃப்யு 205க்கு நேர்ந்தது ஏறத்தாழ அப்படியே இங்கும் நடந்தது. வடிவமைப்பில் குறை சொல்ல இடமில்லாத விமானம், வரிசையாக வாங்க ஆளில்லாமல் நின்றது. அதே பத்தாண்டில், அதே இழையும் பிசினும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை இறக்கையாக நூற்றுக்கணக்கில் ஏறின.

கண்ணாடியிழையை இந்தியா கற்றது தும்பாவில், ராக்கெட்டுக்காக, என்று சிலர் நினைவூட்டுவார்கள். 1960களின் இறுதியில் கலாமும் சகாக்களும் அங்கே பிசின்-இழைக் கூடம் அமைத்தது உண்மை. நம் மாவட்டத்து மகேந்திரகிரிவரை நீளும் பெருமை அது. ஆனால் ராக்கெட்டின் கூடு நிமிடக் கணக்கில் வாழ்ந்து முடிவது. அதற்கு வலிமை போதும். இருபது ஆண்டு வெயிலில் நின்று கோடிக்கணக்கான முறை வளைந்து நிமிரும் பொருளை எப்படிப் பிணைப்பது, எப்படிச் சோதிப்பது என்ற கேள்வி ராக்கெட்டில் எழாது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் இறக்கை செய்தவர்கள். வலிமைக் கணக்கைத் தும்பாவிடம் கற்கலாம்; ஆயுள் கணக்கை ஷ்டுட்கார்ட்டிடம்தான் கற்கவேண்டியிருந்தது.

அந்த ஆயுள் இப்போது முடியத் தொடங்கியிருக்கிறது. கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் 1990களில் நட்ட சிறிய ஆலைகளை இறக்கிவிட்டு, அதே இடத்தில் மெகாவாட் ஆலைகளை ஏற்றுகிறார்கள். கோபுரத்தின் எஃகுக்கும் மின்னாக்கியின் செம்புக்கும் காயலான் கடையில் விலை உண்டு. இறக்கைக்கு இல்லை. ஒருமுறை இறுகிய பிசின் மறுபடி உருகாது. 1968இல் எல்எஃப்யு 205ஐ விலையில் தோற்கடித்த அலுமினிய விமானத்தை இன்றும் உருக்கி வார்க்கலாம்; வென்ற இறக்கையை உருக்க வழியில்லை. ஜெர்மனியில் இதற்குக் கண்ட வழிகளுள் ஒன்று, இறக்கையை அரைத்துச் சிமெண்ட் சூளையில் போடுவது. பிசின் எரிபொருளாகிறது; கண்ணாடியின் மணற்சத்தும் சுண்ணமும் சிமெண்டுக்குள்ளேயே சேர்ந்துவிடுகின்றன. கயத்தாற்றிலிருந்து நெல்லை வரும் வழியில், தாழையூத்தில், 1949 முதல் அப்படியொரு சூளை எரிந்துகொண்டிருக்கிறது. சங்கர்நகர் என்ற பெயரோடு ஓர் ஊரையே உண்டாக்கிய அந்த ஆலையின் கதை அடுத்த இதழில்.